பாட்டிலை வாங்கிக்கலாமா?

‘கையை மட்டும் நீட்டிவிடாதே’ என்று கோர்கோய் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ‘தொட்டால் சம்மதம். அப்புறம் அழுதாலும் திரும்பாது.’

மேசை நடுவில் ஜின் பாட்டில். அந்தப் பக்கம் அஷிட்டேயும் அவன் பெரியப்பா ஒக்போட்டியும். இந்தப் பக்கம் அவளும் டெடெய் அத்தையும். யார் வீட்டில் கூடுவது என்று இரு குடும்பமும் மூன்று வாரம் முறுக்கிக்கொண்டதில், பொது இடம் என்று முடிவானது, கானாவின் தலைநகர் அக்ராவில் ஒசு பகுதியிலிருந்த இந்த மதுக்கடை.

பழைய மினிபஸ் இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மதுக் கலவைக்கும் ஊரின் ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர். பரிமாறுகிறவன் கண்டக்டர் மாதிரி கம்பியில் தொங்கியபடி, “கனேஷி ஒண்ணு, மதீனா ரெண்டு, வழி விடுங்க” என்று கூவினான். வண்டி எப்போது கிளம்பும் என்று அத்தை அவனைச் சீண்டினாள். இந்தம்மா ஏறினதிலேயே டயர் இறங்கிவிட்டது என்றான் அவன்.

ஒக்போட்டி எழுந்து தொண்டையைச் செருமினார். பெரியவர்கள் எல்லாம் பேசி முடித்தாயிற்று, பெண்ணின் வாய்ச்சொல்தான் பாக்கி, மூன்று முறை கேட்பேன், மூன்றாவது பதில்தான் செல்லும் என்றார். பாட்டு இரைச்சலில் அவர் கத்திப் பேச வேண்டியிருந்தது. விஷயம் புரிந்துபோன பக்கத்து மேசைப் பெண்கள் கைதட்டினார்கள்.

“மாப்பிள்ளை லட்சணமாத்தான் இருக்காரு, வாங்கிக்க” என்றாள் ஒருத்தி.

அஷிட்டே தலை நிமிரவில்லை. காகித உறிஞ்சியை மடித்து மடித்துச் சுருளாக்கிக்கொண்டிருந்தான். அவன் மனதில் என்ன இருக்கிறது என்று அவளால் படிக்க முடியவில்லை. பெரியவர்கள் முன்னால் அவளுக்கு மறுப்பு வந்ததே கிடையாது. தலையாட்டியே பழகிய கழுத்து.

“கோர்கோய், இந்தப் பாட்டிலை வாங்கிக்கலாமா?”

“வேண்டாம் மாமா.”

பக்கத்து மேசையில் சிரிப்பு. பெண்ணுக்கு வெட்கமாம்.

ஒக்போட்டி இரண்டாம் முறை கேட்டார். அத்தை மேசைக்கடியில் தொடையைக் கிள்ளினாள். “எத்தனை நாள்தான் இப்படி அந்தரத்துல தொங்குவ? வாங்கிக்கடி, ரெண்டு வீட்டுக்கும் நிம்மதி.”

“வேண்டாம்.” இந்த முறை குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அஷிட்டே சட்டென்று கைதூக்கி இரண்டு மதீனா கேட்டான்.

“இப்பத்தான் உனக்குத் தாகம் எடுக்குதா?” என்று பெரியப்பா பல்லைக் கடித்தார்.

வந்த கோப்பைகளில் ஒன்றை அவன், யாரையும் பார்க்காமல், அவள் பக்கம் நகர்த்தினான்.

மூன்றாம் முறை. பக்கத்து மேசையும் மூச்சுப் பிடித்துக்கொண்டது. கோர்கோய் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக் கோத்துக்கொண்டாள்.

“வேண்டாம் மாமா” என்றாள் மெல்ல. “எங்க கல்யாணத்துக்கு நீங்க கொண்டுவந்த பாட்டிலை ஆறு வருஷம் முன்னாடி சந்தோஷமா வாங்கிக்கிட்டேன். எங்களைப் பிரிச்சுவைக்கிற பாட்டில் எனக்கு வேண்டாம்.”