கிளிக்கு மறதி

"காசுக்கு வித்தப்ப போன்ல இந்தக் கிளி விளையாட்டைச் சீண்ட ஆளில்லை. இலவசமாக்கினதும் பிச்சுக்கிட்டுப் போகுது. ஆனா வருமானம்?" என்றார் முதலாளி.

"அதுக்குத்தான் கிளிக்கு மறதி வெச்சிட்டேன் சார்," என்றான் விளையாட்டை வடிவமைத்தவன். "நாம சொல்லிக்கொடுத்ததை நம்ம குரல்லயே திருப்பிச் சொல்லுது இல்லையா? மாசாமாசம் பணம் கட்டலைன்னா மறந்துடும். கட்டாதவங்க குரல் பதிவையெல்லாம் இன்னிக்குக் காலையில சர்வர்லேர்ந்தே அழிச்சாச்சு."

"கில்லாடிய்யா நீ."

பதவி உயர்வோடு வீட்டுக்கு வந்தான். மனைவி போனை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கிளி பேச மாட்டேங்குதுங்க."

"பணம் கட்டச் சொல்லிக் கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. உங்க விளையாட்டுதானே, நம்மகிட்டயா வாங்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்."

அவன் சிரித்துவிட்டான். "சரி, புதுசா ஏதாவது சொல்லிக்கொடு. பேசும்."

"நான் சொன்னா என் குரல்லதானே பேசும்?"

அவனுக்கு விளங்கவில்லை.

"நம்ம பாப்பா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே அதுக்கு 'அம்மா'ன்னு சொல்லிக்கொடுத்தா. அவ போனதுலேர்ந்து, நீங்க வேலைக்குக் கிளம்பினதும் தினமும் அதைக் கூப்பிட வெச்சுக் கேட்டுக்கிட்டிருந்தேன். எப்படியாவது திரும்பக் கூப்பிட வைங்க."

போனை அவனிடம் நீட்டினாள். திரையில் கிளி தலையைச் சாய்த்து, அவன் சொல்லப்போகும் சொல்லுக்காகக் காத்திருந்தது.