மை போன ஓலை

பல்கலைக்கழகச் சுவர்ப் பல்லி சொன்ன இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை.

தமிழ்த்துறைக் கூரை ஒழுகியதால் சுவடிகளை விலங்கியல் ஆய்வகத்தில் வைத்தார்களாம். அதில் ஓர் ஓலையில் மை முழுதும் போய்விட்டது. மாலையில் அதைத் தூக்கி எறிவதாக முடிவு.

"வாங்கக்கா, இடம் போட்டு வச்சிருக்கேன்" என்றது குப்பைத்தொட்டி.

ஓலை பக்கத்திலிருந்த நுண்ணோக்கியிடம் கெஞ்சியது. "தம்பி, மைதானே போச்சு? எழுத்தாணி கீறின தடம் இருக்கும். கொஞ்சம் பாரேன்."

"நான் ஈக்காலைப் பாக்கறவன். எனக்கு எழுத்து தெரியாதுக்கா."

"எனக்குத் தெரியும். ஆனா என் முதுகை நானே பாக்க முடியுமா? நீ தெரியறதைச் சொல்லு."

நுண்ணோக்கி குனிந்தது. "ஒரு சுழி... பக்கத்துல ஏறி இறங்குற கோடு..." அது சொல்லச் சொல்ல, ஓலை எழுத்துக் கூட்டியது.

மாலையில் ஓலையை எடுக்க வந்த பேராசிரியை, லென்ஸுக்கு அடியில் அது கிடப்பதைக் கண்டு ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

போன வாரம், 'இதெல்லாம் பொய்தானே' என்று பல்லியிடம் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"அந்த ஓலையில் என்னதான் எழுதியிருந்தது?"