யோசப் ஆன ஜுசெப்பே

“போன் ஜோர்னோ, அம்மா!” என்று கத்தியபடி றீற்றா படியிறங்கி வந்தாள். காதில் இத்தாலிய மொழிப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது.

சமையலறை மேசையில் கடதாசிகளைப் பரப்பி வைத்திருந்த கிளடிஸ் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “உந்த மனுசனுக்கு எத்தினை பேரடி?” என்றார்.

‘உந்த மனுசன்’ மருமகன் ரோனியின் பேரனார், தகப்பனின் தகப்பன். 1927இல் இத்தாலியிலிருந்து கப்பலேறி ரொறன்ரோவுக்கு வந்தவர். ஊர்ச் சேர்ச் பதிவில் ஜுசெப்பே கம்பனெல்லா. கப்பல் பட்டியலில் கியூசெப் கம்பனில். இங்கே பிறந்த மகனின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் யோசப் பெல்.

மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்தால் ரோனிக்கு இத்தாலியக் குடியுரிமை. பொலோஞாவில் உறவினர் ஒருவரின் மரத் தளபாடப் பட்டறையில் வேலையும் தயார். யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், இருபது வருஷம் பிறப்புப் பதிவு பார்த்த மாமி வீட்டிலேயே இருக்க, வேறு யாரிடம் போவான்? விதிமுறைப் புத்தகத்தோடு பைலை அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டான்.

கிளடிஸ் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் வேலை நகரவில்லை. ஒருநாள் கண்ணாடியைக் காணவில்லை, ஒருநாள் தலையிடி.

வன்னியில் சண்டை முடிந்து மூன்று மாதம். ஊரில் போய் இருக்க இனி யாரும் மிச்சமில்லை. இங்கே ஸ்காபரோவில் இருப்பதும் றீற்றா ஒருத்திதான். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் யாரோடு கதைப்பது என்று நினைத்து கிளடிஸ் பைலை மறுபடி மூடிவைத்தார்.

அந்தக் கிழமை ஒட்டாவாவில் உள்ள அரசாங்கப் பதிவகத்திலிருந்து ஒரு தபால் வந்தது. உள்ளே யோசப் பெல்லின் கனடியக் குடியுரிமைப் பத்திரத்தின் நகல். ‘முன்னைய பெயர் ஜுசெப்பே கம்பனெல்லா’ என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. உலக யுத்தத்தில் இத்தாலியன் என்றாலே எதிரியென்று பார்த்தார்களாம். யுத்தம் முடிந்த கையோடு மனுசன் நாட்டையும் பேரையும் சேர்த்தே மாற்றிவிட்டார்.

ரோனி மாமியைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டான். “மாமி, யூ ஆர் எ ஜீனியஸ்!”

“ஐயோ, இறக்கும் தம்பி! நான் ஒண்டும் செய்யேல்லை.”

எழுதி எடுப்பித்தது மாமிதான், என்ன அடக்கம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அவன் வேலைக்குப் போனபிறகு கிளடிஸ் பத்திரத்தை மறுபடி எடுத்தார். கச்சேரிக் கண் நேரே திகதியில் போய் நின்றது. 1947 பெப்ரவரி. ரோனியின் தகப்பன் பிறந்தது 1948 மார்ச்.

விதி அவருக்கு மனப்பாடம். மகன் பிறக்கிற நேரம் தகப்பன் இத்தாலியனாக இருக்கவேண்டும். இந்த மனுசனோ அதற்கு ஒரு வருஷம் முந்தியே கனடாக்காரன்.

சொல்லத்தான் நினைத்தார். பின்னேரம் ரோனி வந்து சப்பாத்தைக் கழற்றும்போதும் வாயைத் திறந்தார். வந்தது வேறு. “தம்பி, இறால் குழம்பு வைச்சிருக்கிறன். சூட்டோட சாப்பிடும்.”

“இண்டைக்குத்தான் உங்கட முகத்தில ஒரு வெளிச்சம்,” என்றாள் றீற்றா.

“பேர் எல்லாம் சரிவந்திட்டுதெல்லே. இனி ஏன் பிந்துறியள்? கொண்டுபோய்க் குடுங்கோ.”

இத்தாலியத் துணைத்தூதரகத்தில் மூவரும் நல்ல உடுப்போடு போய் இருந்தார்கள். அதிகாரி அம்மா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். கடைசியில் ஒட்டாவாப் பத்திரத்தைக் கையில் எடுத்துத் தலையாட்டினார்.

“இவ்வளவு சுத்தமான அத்தாட்சியை நான் கண்டதில்லை. மூன்று பேரும் ஒரே ஆள்தான். சந்தேகமே இல்லை.”

ரோனி றீற்றாவின் கையை இறுக்கிப் பிடித்தான்.

“அதனால்தான் தரமுடியாது,” என்றார் அதிகாரி.

திகதிகளைத் தொட்டுக்காட்டி அவர் விளங்கப்படுத்தும்போது ரோனியின் முகம் சின்னப்பிள்ளையுடையது போலச் சுருங்கிவிட்டது. கிளடிஸ் கைப்பையைத் திறந்து தேவையில்லாமல் எதையோ தேடினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ரோனி நேரே பின்வளவுக்குப் போய் வேலியைப் பார்த்தபடி நின்றான். சமையலறை ஜன்னலால் அதைப் பார்த்த கிளடிஸுக்குத் தாங்கமுடியவில்லை.

“றீற்றா, இஞ்ச வா. மாதாவாணை, இனி ஒளிக்க ஏலாது. அந்தக் கடிதம் வந்த அண்டைக்கே நான் திகதியைக் கண்டிட்டன். தெரிஞ்சுகொண்டுதான் கொண்டுபோய்க் குடுக்கச் சொன்னனான்.”

றீற்றா கைப்பையை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“நீ போனா நான் என்னடி செய்வன்? பிழைதான். அந்தப் பெடியனிட்ட நானே போய் மன்னிப்புக் கேக்கிறன்.”

கிளடிஸ் கதவுப் பிடியில் கை வைக்கமுன் றீற்றா பாய்ந்து குறுக்கே நின்றாள். வெளியே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னலை மெல்லச் சாத்தினாள்.

“சத்தம் போடாதேங்கோ அம்மா. எனக்கும் போக விருப்பமில்லை. போனில விசாரிச்சு, திகதி தெரிஞ்சுதான் நான் ஒட்டாவாவுக்கு எழுதினனான்.”