தம்பியின் முயல்கள்

தம்பியின் முயல்களைக் கண்டாலே தர்மேந்திரனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயர் தாவார் என்ற ஊரில் அண்ணன் தம்பி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனை நிலம். தர்மேந்திரன் புல்லைக் கொல்ல மருந்து அடிப்பார். தம்பி தனேஸ்வரனோ மருந்தைத் தொடுவதே இல்லை. நியூசிலாந்து வெள்ளை முயல்களைக் கூண்டோடு மரத்தடியில் நகர்த்தி நகர்த்தி மேயவிடுவான். புல்லும் அடங்கியது, புழுக்கையும் எருவானது. அதைப் படம் பிடிக்க ஈப்போவிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள்.

"சித்தப்பா நெலத்துக் கால்வாயில மறுபடியும் மீனு வந்திருக்குப்பா" என்றாள் மாசமாக இருந்த மகள் சாந்தினி.

பெற்ற மகளே பாராட்டியதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை தம்பி சந்தைக்குக் கிளம்பியதும், மருந்துப் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலி தாண்டினார். முயல்கள் அடுத்து மேயவிருந்த இடத்தையெல்லாம் நனைத்துவிட்டு வந்தார்.

"இனிமே எவன் வந்து படம் புடிக்கிறான்னு பாப்போம்லா" என்று முனகிக்கொண்டே குளித்தார்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மனசு லேசாக இருந்தது. எதிரே சாந்தினி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"கீரை நல்ல இளசா இருக்கே, எங்க வாங்குனம்மா?"

"வாங்கலடி. புள்ளத்தாச்சிக்கு மருந்து படாத கீரைதானே நல்லது? காலையில சித்தப்பா நெலத்துல பறிச்சிட்டு வந்தேன்" என்றாள் அவர் மனைவி கமலவேணி.

சாந்தினி கவளத்தை வாயருகே கொண்டுபோனாள்.

தர்மேந்திரன் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டார். தட்டு கவிழ்ந்து சோறு தரையெல்லாம் சிதறியது.

கவிழ்ந்த தட்டை நிமிர்த்திக்கொண்டே கமலவேணி கத்தினாள்.

"தம்பி மேல இருக்கிற வயித்தெரிச்சல, புள்ள சாப்பிடுற சோத்துலயா காட்டுவீங்க?"