உஷாராணி போட்ட பட்ஜெட்

"தலைக்குப் பதினாலாயிரத்து ஐநூறா? அதெல்லாம் கட்டுபடியாகாது."

உஷாராணி சொன்னதும் மற்ற மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இளம்பிள்ளையில் ரெண்டு சேலைக்கடை, இருபத்திரண்டு தறி வைத்திருக்கிறவள் பேசுகிற பேச்சா இது?

தினமும் காலையில் ஏரிக்கரையில் சேர்ந்து நடக்கிற பெண்கள் இவர்கள் நாலு பேரும். நடந்து முடித்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேற்கே ஒரு மலையில் மூன்று நாள் நடந்தால், உச்சியில் பழங்காலத்துக் கோட்டை இடிந்து கிடக்கிறதாம். போனில் அதைக் காட்டி ஆசையைக் கிளப்பிவிட்டவள் தமிழ்ச்செல்வி. கூட்டிப்போகிற வழிகாட்டி அன்பரசு நேற்றுதான் செலவுக் கணக்கை அனுப்பியிருந்தான். நாலு பேர் சேர்ந்தால்தான் வருவானாம். ஒரு ஆள் குறைந்தாலும் பயணம் இல்லை.

"வருசம் பூரா இந்த ஏரியவே சுத்தறோம். ஒருக்கா மலையப் பாக்கறதுக்கு இத்தன யோசனையா உஷாக்கா?" என்றாள் கமலவேணி. அவள் வீட்டுக்காரருக்கு நூல் வியாபாரம்.

"காசென்ன தறியிலயா நெய்யறோம் புள்ள?"

"நீங்க தறியிலதானுங்க நெய்யறீங்க."

தமிழ்ச்செல்வி டீயை ஊதிக்கொண்டே சொன்னாள். "எனக்கும் தோதுப்படாதுங்கக்கா. சேலை மடிக்கிற எடத்துல அத்தன நாள் லீவு தரமாட்டாங்க. நீங்க வேற ஆளப் பாத்துக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

"வேற ஆளுக்கு எங்க போறது? நீ லீவு கேட்டுப் பாரு மொதல்ல," என்ற உஷாராணி, போனை எடுத்து அன்பரசுவைக் கூப்பிட்டாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, அந்த ஏசி வேனை எடுத்துருங்க. கோயமுத்தூர் வரைக்கும் ரயிலு. அங்கிருந்து பஸ்சு."

"சரிங்கம்மா."

"கூடாரம் எதுக்கு? மலையூருல தங்கறதுக்கு ஊடு இருக்காதா?"

"இருக்குதுங்க. ஆனா பாயிலதான் படுக்கோணும்."

"படுத்துக்கறோம். சமையலுக்குத் தனியா ஆள் வேண்டாம். அந்த ஊட்டுக்காரம்மாவையே களியோ சோறோ ஆக்கச் சொல்லுங்க, அவங்க கேக்கறதக் குடுத்துருங்க. பை தூக்கவும் ஆள் வேண்டாம். அவங்கவங்க பை அவங்கவங்க முதுகுல."

"என்ற முதுகே எனக்குப் பாரம்," என்று முனகினாள் வசந்தாமணி. அங்கன்வாடியில் இருந்து ஓய்வு பெற்றவள்.

அன்பரசுவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்ப என்ற கூலியுங்கம்மா?"

"அதுல கை வெக்கல சாமி. உங்க கூலி உங்களுக்கு. பர்மிட்டுக் காசும் அப்படியே இருக்கட்டும். மிச்சத்தக் கூட்டிச் சொல்லுங்க."

கூட்டிச் சொன்னான். ஏழாயிரத்து நூறு.

"இன்னும் கொறையோணுமே. எறங்கி வந்த பொறவு லாட்ஜ் ரூம்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது எதுக்கு?"

"குளிச்சுக் கெளம்பறதுக்குங்க."

"ஆத்துல குளிச்சுக்கறோம். எடுத்துருங்க."

ஆறாயிரத்து நானூற்றில் வந்து நின்றது. "இப்பச் சரி," என்று போனை வைத்தாள்.

கமலவேணிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்கக்கா, ஒரு முகூர்த்த நாள்ல கடையில வர்ற லாபம் ஆகுமா அந்தப் பதினாலாயிரம்?"

"ஆகாதுதான்."

"அப்புறம் எங்களையும் சேத்து எதுக்குப் பாயில உருட்டறீங்க? கடை பெருசாக ஆக, கை சின்னதாயிருச்சு உங்களுக்கு."

"விடு கமலா," என்றாள் வசந்தாமணி. "அவங்க வல்லீனா நாலு பேரு தேறாது. உருண்டுக்கலாம்."

"இந்த ஒருக்காதான். இனி இவங்களோட ஒரு பக்கமும் கெளம்பறதா இல்ல."

உஷாராணி டீயைக் குடித்து முடித்தாள்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் பணத்தை நீட்டினவள் தமிழ்ச்செல்வி.

"லீவு கேட்டேனுங்க, தந்துட்டாங்க. எண்ணிப் பாத்துக்கங்க, ஆறாயிரத்து நானூறு. ஏனுங்கக்கா, மலையில ஒரு டீ குடிக்கறதுக்காச்சும் உங்க பட்ஜெட்டுல எடமிருக்குதா?"

கமலவேணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வசந்தாமணியும் சிரித்தாள்.

"நாலு பேருக்கு ரெண்டு டீ. பிரிச்சுக் குடிக்கோணும்," என்றாள் உஷாராணி. சிரிப்பு இன்னும் கூடிப்போனது.

அன்றைக்கு மதியம் சாப்பிட வந்த சின்னராஜ், மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"பஜாரே சிரிக்குது உஷா. கமலா ஊட்டுக்காரரு நாலு பேரு முன்னால கேக்கறாரு, கடையில ஏதாச்சும் நட்டமானு. வெந்நி இல்லாமக் குளிக்கமாட்ட. மெத்தை இல்லீனா விடிய விடியப் பொரண்டு படுப்ப. உனக்கு எதுக்கு இந்தப் பாயும் ஆத்துத் தண்ணியும்?"

உஷாராணி ரசத்தை ஊற்றினாள்.

"தமிழ்ச்செல்விக்கு இந்த மாசம் சீட்டுப் பணம் ஆறாயிரத்து ஐநூறு வந்துச்சுங்க. அத வெச்சு அந்தக் கோட்டையப் பாத்துப்போடோணும்னு எட்டு மாசமா நடக்கறப்பெல்லாம் இதே பேச்சு. பதினாலாயிரம்னு கேட்டதும் லீவு இல்லீன்னுட்டா."

"அதுக்கு அவ பங்க நீ போட்டுட்டுப் போறது. நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"அவளுக்கு நான் காசு போட்டா, நாளையிலிருந்து ஏரிக்கரைப் பக்கமே அவ வரமாட்டாளுங்க. என்னையக் கஞ்சம்னு சொல்லிட்டுப் போகட்டும். நாலு பேரும் சேந்து மலைக்குப் போறமுல்ல."