திருப்பிக் கேட்கக் கூடாது

வகுப்புக்குள் நுழைந்த இலைசா யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக ஆசிரியை உனைசியின் மேஜைக்குப் போனார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மரவள்ளிக்கிழங்கையும் தேங்காய்ப்பால் மீனையும் நின்றபடியே வெளுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

"என்ன மேடம், உப்பே இல்ல? உங்க ஊர்க்காரங்களுக்கு மீன் பிடிக்கவும் தெரியாது, சமைக்கவும் தெரியாது. எப்படித்தான் உயிரோட இருக்கீங்களோ!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடைசி பெஞ்சில் இருந்த ஸ்கூல் இன்ஸ்பெக்டர் சவெனாகா சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு வியர்த்துக் கொட்டியது. தலைமையாசிரியர் என்று பெயர்தான். தலைநகர் சுவாவிலிருந்து ஓர் அதிகாரி படகில் வந்து இறங்கினால் போதும், எனக்குக் கை கால் ஓடாது.

"யாரு மாஸ்டர் இந்த ஆளு?"

"எதிர்த் தீவு வைசேவாக்காரர் சார். மீன் பிடிக்கிறவர்."

"பாட நேரத்துல அவருக்கு இங்க என்ன வேலை?"

அது உனைசியின் காதில் விழுந்துவிட்டது. "இன்னிக்கு அவர்தான் சார் பாடம்" என்றாள்.

இலைசா டப்பாவைக் காலி செய்தார். மூலையில் சாத்தியிருந்த மேடத்தின் குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். "மழை வந்தா நல்லா நனைங்க மேடம். உங்க ஊர்ல யாரும் குளிச்சு ரொம்ப நாளாச்சு!"

அவர் போனதும் உனைசி வகுப்பைப் பார்த்தாள். "எனக்கு ஏன் கோபம் வரல? யாரு சொல்றீங்க?"

வசீதி என்ற வாயாடி எழுந்தாள்.

"அந்தக் காலத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஒரே தோணில வந்தாங்க மேடம். அண்ணன் நம்ம ஊர்ல தங்கிட்டாரு. தம்பி, அண்ணனோட துடுப்பைக் கேக்காமலே தூக்கிட்டு வைசேவாவுக்குப் போயிட்டாரு. 'என் தம்பிதானே எடுத்தான்'னு அண்ணன் சிரிச்சாராம். அதுலேர்ந்து ரெண்டு ஊரும் முறை. என்ன வேணா கேலி பண்ணலாம். கண்ணுல பட்டதை எடுத்துக்கலாம். கோபப்படக் கூடாது, திருப்பிக் கேக்கவும் கூடாது."

"நமக்கு முறையுள்ள இன்னொரு ஊரு?"

"தவேலா!" என்று வகுப்பே கத்தியது. உனைசி அதையும் போர்டில் எழுதி, அந்தக் கதையையும் சொல்லவைத்தாள்.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத கதைகள் இவை. மூன்று வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி அவள் சேர்த்தது.

மணி அடித்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் போய், பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"பாடம் நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா பரீட்சைக்கு வராதே! ஊர் வரலாற்றை நிறுத்திட்டு, அந்த நேரத்தைக் கணக்குக்குக் குடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மாஸ்டர், கையெழுத்துப் போடுங்க. இந்தத் தாள் சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ் போகலைன்னா இந்த வருஷமும் பழைய டைம்டேபிள்தான். அப்புறம் என் தலைதான் உருளும்."

உனைசியின் கண் கலங்கியது. போர்டை அழிக்கத் துணியை எடுத்தவள், அழிக்க மனம் வராமல் அப்படியே நின்றாள்.

நான் என்ன செய்தேன்? பேனா மூடியைத் திருகினேன். எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. ஆனாலும் திருகினேன்.

இன்ஸ்பெக்டர் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் நல்லாப் படிக்கணும், என்ன? நானும் இந்தப் பக்கத்து ஆளுதான். எங்க அப்பா ஊரு தவேலா."

பிள்ளைகளின் கண்கள் போர்டுக்குப் போயின.

"முறைக்காரரு!" என்று அலறினாள் வசீதி.

அவ்வளவுதான். இருபத்து மூன்று பிள்ளைகளும் பாய்ந்தார்கள். ஒருவன் தொப்பியைப் பிடுங்கினான். ஒருத்தி பேனாவை உருவினாள். "தவேலாக்காரங்களுக்கு மூளை வளராது, தொப்பை மட்டும்தான் வளரும்!" என்றது ஒரு குரல். இந்தக் கூத்துக்கு நடுவில் வசீதி, மேஜையிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு வெளியே ஓடியே போய்விட்டாள்.

"ஏய், அது கவர்மென்ட் பேப்பர்! கொண்டா இங்க!" நான் வாசலுக்கு ஓடினேன்.

"விடுங்க மாஸ்டர்" என்றார் இன்ஸ்பெக்டர், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. "முறைன்னா முறைதான்."

தொப்பியும் இல்லாமல், பேனாவும் இல்லாமல், தாளும் இல்லாமல் அவர் படகில் ஏறியபோது எனக்கு உள்ளுக்குள் பாவமாகத்தான் இருந்தது.

"மன்னிச்சுக்கங்க சார். மேலிடத்துல கேட்டா என்ன சொல்வீங்க?"

"நடந்ததைத்தான் சொல்லணும். பெரியவருக்கும் முறைக்காரங்க உண்டு. போன மாசம்கூட ஆபீசுக்கே வந்து அவரு கைக்கடிகாரத்தைக் கழட்டிட்டுப் போனாங்க. திருப்பிக் கேளுன்னு என்கிட்ட எந்த வாயால சொல்வாரு?"

படகுக்காரன் இன்ஜினைக் கிளப்பினான். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது.

"சார், எங்க அத்தையைத் தவேலாவுலதான் குடுத்திருக்கு. அங்க உங்க வீடு எந்தப் பக்கம்?"

"தவேலாவா?" படகுச் சத்தத்துக்கு மேலே கத்தினார் இன்ஸ்பெக்டர். "அந்தத் தீவை நான் கண்ணால பார்த்ததுகூட இல்ல மாஸ்டர்! மேடம் நடத்தின பாடத்தைக் கொஞ்சம் கவனிச்சுக் கேட்டேன், அவ்வளவுதான்!"