வாசல் கதவுக்குள் யாரோ

“தட்டாதீங்கண்ணே! அது திருப்பித் தட்டும்.”

விரல் முட்டியால் கதவைத் தட்டிப் பார்க்கப்போன துரைக்கண்ணு சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். ஒரத்தநாட்டில் மரவாடி வைத்திருப்பவர். இந்தத் தேக்குக் கதவுக்கு மரம் கொடுத்ததும் அவர்தான். ‘உசுரு போற விசயம், உடனே வாங்க’ என்று மலர்க்கொடி போனில் அழுத அழுகையில், பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

மலர்க்கொடி தன் புதுவீட்டு வாசலில் தலைவிரிகோலமாக நின்றாள். கண் சிவந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது.

“என்னம்மா ஆச்சு? கதவு சுருங்கி இடைவெளி விட்டுருச்சுன்னு போன வாரம் போன் பண்ணுன. அது ஆசாரி வேல, மரத்துல குத்தமே கெடையாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேனே?”

“இடைவெளி கெடக்கட்டும்ணே. கதவுக்குள்ள யாரோ இருக்காங்க.”

அவர் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். கதவின் நடுப்பலகையிலிருந்து வந்தது. உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

“கேட்டுச்சா? தெனம் இந்த நேரத்துக்குத்தான் வரும். அவன் தூக்கு மாட்டிக்கிட்டதும் உச்சிப்பொழுதுலதானாம்.”

“எவன்?”

“ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறீங்களே! தூக்கு மாட்டுன மரத்தையா என் தலையில கட்டுனீங்க?” மலர்க்கொடி கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு விம்மினாள்.

துரைக்கண்ணு கதவை மேலும் கீழும் பார்த்தார். ஒருவன் தொங்கிய மரத்தை அந்தப் பக்கத்தில் அடுப்பெரிக்கக்கூட வெட்டமாட்டார்கள். அதில் வாசல் கதவு என்றால் கேட்கவே வேண்டாம். லாரியில் வந்து இறங்குகிற மரம் எந்த ஊர், யார் கொல்லை என்று அவர் என்றைக்காவது விசாரித்திருந்தால்தானே ‘இல்லை’ என்று அடித்துச் சொல்ல முடியும்? வெள்ளிக்கிழமை தவறாமல் ரம்பத்துக்கு எலுமிச்சம்பழம் குத்துவதோடு அவருடைய விசாரணை முடிந்துவிடும்.

‘டக்.’ இந்தத் தடவை மேல்பலகை. துரைக்கண்ணு பின்னால் நகர்ந்தார். மனுசனுக்கு மெய்யாகவே பயம். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஓட விட்டால்தானே? மலர்க்கொடி தெருவைப் பார்த்துத் திரும்பிக் குரல் எடுத்தாள். “ஐயோ! தூக்கு மரத்த வித்து என் குடியக் கெடுத்துட்டாரே!”

அக்கம்பக்கத்துக் கதவுகள் எல்லாம் திறந்தன. முதலில் வந்தவர் எதிர்வீட்டு ரெத்தினம். அவரும் வீடு கட்டுகிறார். நிலைக்கு இதே வாடியில்தான் மரம் சொல்லியிருக்கிறார். விசயத்தைக் கேட்டதும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

“எனக்கு ஒரு சட்டம்கூட வேணாங்க. ஆள விடுங்க சாமி.”

“எங்க சின்னம்மா வீட்டுக் கட்டில் மரமும் அங்க வாங்குனதுதான். இருங்க, இப்பவே சொல்லிடுறேன்” என்று பக்கத்து வீட்டுப் பூவிழி போனை எடுத்தாள்.

துரைக்கண்ணு அவள் கையிலிருந்த போனையே பார்த்தார். ஒரே ஒரு போன் போதும்; சாயங்காலத்துக்குள் பாபநாசம் வரைக்கும் பரவிவிடும். ஏமாற்றுக்காரன் என்று பேர் வாங்கியவன்கூட எப்படியாவது பிழைத்துக்கொள்வான். பேயை விற்றவன் வாடியை இழுத்து மூட வேண்டியதுதான்.

“போன வையி புள்ள! பேயுமில்ல, பிசாசுமில்ல!” என்று கத்தினார். குரல் உடைந்து கீச்சென்று வந்தது. “மரம் காயிற சத்தம் அது!”

“காஞ்ச மரம்னு சொல்லித்தானே வித்தீங்க?” என்றார் ரெத்தினம்.

“காயலய்யா, பச்ச மரம்! அறுத்த பலகைய நடுவுல குச்சி வச்சு, காத்தோட்டமா அடுக்கி, மாசக்கணக்குல நெழல்ல காய விடணும். அவசரம்னா சூட்டு ரூம்லயாவது போட்டு எடுக்கணும். எனக்கு எங்க பொறும? ஈரத்தோட தூக்கிக் குடுத்துட்டேன். காஞ்சா சுருங்குமேன்னு அளவுல கொஞ்சம் கூட வச்சாவது அறுத்துருக்கணும், அதையும் செய்யல. இப்ப வெயில் பட்டதும் சுருங்கி வெடிக்குது. வண்டு அரிக்காம இருக்க மருந்துத் தொட்டியில முக்கி எடுக்காம, மேலாக்கத் தடவி விட்டதும் நான்தான். ஆசாரி மேல தப்பே இல்ல. எங்க கொலசாமி சத்தியம்!”

 கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூவிழி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

துரைக்கண்ணு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் அவருக்கு அந்தச் சந்தேகமே எழுந்தது.

“ஏம்மா, அது தூக்கு மரம்னு ஒனக்கு யாரு சொன்னது?”

மலர்க்கொடி விரிந்து கிடந்த தலையை அள்ளி முடிந்துகொண்டாள்.

“யாரும் சொல்லலண்ணே. வேற கதவு என்னிக்கு வரும்?”